ஸ்விட்ச் வாங்கினேன், பக்கம் திறக்கவில்லை

கே: புது நெட்வொர்க் ஸ்விட்சின் (பல கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) செட்டிங் பக்கத்துக்கு 192.168.0.1 என்று பிரவுசரில் போட்டால் ரவுட்டர் பக்கம்தான் வருகிறது. பழுதா? (ஓசூர்)

ப: இல்லை. பல வீட்டு ரவுட்டர்களுக்கும் அதே முகவரிதான். ரவுட்டர் பக்கத்தில் இணைந்த சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள், ஸ்விட்ச் வேறு முகவரியில் உட்கார்ந்திருக்கும். அங்கும் இல்லையா? ரவுட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை ஸ்விட்சில் செருகி, லேப்டாப்புக்கு 192.168.0.10 என்று கையால் ஐபி முகவரி கொடுத்து, அதே 192.168.0.1-ஐத் திறந்து பாருங்கள்.

கே: "பிரவுசரில் திறந்து விலான் பிரிக்கலாம்" (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காக்கலாம்) என்று சொல்லி டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108 கொடுத்தார்கள். பில்லிலும் "மேனேஜ்டு" (செட்டிங் மாற்றக்கூடியது) என்றே இருக்கிறது. எந்த முகவரியிலும் திறக்கவில்லை. (கரூர், டியூஷன் சென்டர்)

ப: அது திறக்கவே திறக்காது. பிரவுசரில் திறப்பது கடைசியில் 'இ' எழுத்து உள்ள 108இ. உங்கள் மேல் தப்பே இல்லை, கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். பில்லைக் காட்டி மாற்றித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 2 ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கே: கரண்ட் போய் வந்தால் செட்டிங் எல்லாம் காலி. வாரண்டியில் மாற்றலாமா?

ப: 'அப்ளை' மட்டும் அழுத்தினீர்கள். 'சேவ்' என்று தனியாக ஒன்று இருக்கும். மேனுவலைப் படியுங்கள் ஐயா.

கே: செகண்ட் ஹேண்டில் 24 போர்ட் ஸ்விட்ச் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (மதுரை)

ப: சென்னை ரிச்சி தெருவில் நானும் இப்படி ஒன்றைத் தூக்கி வந்தேன். ஃபேன் சத்தத்தில் தூங்க முடியவில்லை. அதன் செட்டிங் பக்கம் திறக்க, பிரவுசரில் ஜாவா என்ற துணை மென்பொருள் கேட்டது. குரோம் பிரவுசர் 2015-லேயே ஜாவாவை வெளியே தள்ளிவிட்டது. ஃபிளாஷ் என்ற இன்னொரு துணை மென்பொருள் கேட்கும் பெட்டிகளும் உண்டு, அதுவும் 2020-இல் முடிந்த கதை. இரும்பு இருபது வருஷம் உழைக்கும், அதைத் திறக்கும் பக்கம் ஐந்து வருஷத்தில் செத்துவிடும். இதை எந்த அட்டைப்பெட்டியிலாவது போடுகிறார்களா? என் பெட்டியைத் திறக்கவென்றே ஒரு கிழட்டு லேப்டாப்பை வைத்திருக்கிறேன், இணையம் காட்டாமல். கடையிலேயே உங்கள் லேப்டாப்பில் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கே: பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்'தான். பரவாயில்லையா?

ப: வாசல் கதவையும் திறந்தே வைத்துவிடுங்கள்.