மலைக்கு எந்தத் தடி? வாசகர் கேள்விகள்

ஏழு மலை ஏறி வெள்ளியங்கிரி போகிறவர்கள் கையில் ஒரு தடி வைத்துக்கொள்ளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. பங்குனியில் முதல் முறையாக வெள்ளியங்கிரி ஏறப்போகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் மடக்குகிற அலுமினியக் கம்பு ஒரு ஜோடி வாங்கி அனுப்பியிருக்கிறான். கூட வரும் நண்பரோ, பூண்டி அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியே போதும் என்கிறார். எதைக் கொண்டுபோவது? (ஈரோடு வாசகர்)

பதில்: இந்த மலைக்கு மட்டும் நான் உங்கள் நண்பர் கட்சி. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். ஒரு கையில் டார்ச் இருக்கும். இரண்டு கம்புகளை எந்தக் கையில் பிடிப்பீர்கள்? நெற்றியில் கட்டுகிற விளக்கு இருந்தால் சரி. அப்படியும் ஏழாவது மலையில் பாறையைக் கையால் பற்றி ஏறவேண்டிய இடங்கள் வரும். அங்கே இரண்டு கம்புகளும் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டு காலைத் தட்டும். ஒற்றைத் தடி என்றால் பின்னால் வருகிறவரிடம் கொடுத்துவிட்டு ஏறலாம்.

ஆனால் அடிவாரத்தில் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் நுனியைப் பாருங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டியிருந்தால் நல்லது. இரண்டு கணுவுக்கு நடுவே வெட்டியது முதல் மலைப் படிக்கட்டிலேயே பிளக்க ஆரம்பிக்கும். அடுத்து, தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். விரிசல் விட்ட மூங்கில் கரகரவென்று பேசும். மாவு கொட்டினால் உளுத்தது. பச்சை மூங்கில் கனக்கும், காயும்போது வெடிக்கும். கல்மூங்கில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், உள்ளே அநேகமாகக் கெட்டியாக இருக்கும். கடைசியாக, தடியைச் சாய்த்து ஊன்றி உங்கள் முழுப் பாரத்தையும் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

மகன் அனுப்பியதை வீணாக்க வேண்டாம். அதற்கு வேறு பாதைகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

கேள்வி: தடி ஊன்றினால் முட்டிவலி குறையும் என்பது உண்மையா, மனசுக்கு ஒரு துணைதானா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: உண்மைதான். ஆனால் அது இறக்கத்தில்தான் நன்றாகத் தெரியும். 1999-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 25 பாகைச் சரிவில் ஆட்களை இறங்கவைத்து அளந்தார்கள். இரண்டு கையிலும் கம்பு ஊன்றியபோது முட்டியில் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. ஒற்றைத் தடிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பாரம் கொஞ்சம் கைக்குப் போகிறது என்பது இரண்டுக்கும் பொதுதான்.

நாம் செய்கிற தப்பு, ஏறும்போது தடியை டக்டக்கென்று ஊன்றிவிட்டு, இறங்கும்போது தோளில் சாத்திக்கொண்டு ஓடுவது. இறக்கத்தில் தடிதான் முதலில் போகவேண்டும். ஒரு படி கீழே ஊன்றி, பாரத்தைக் கொடுத்து, அப்புறம் காலை வையுங்கள். ஒரு முட்டி மட்டும் வலிக்கிறதென்றால் தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்கட்டும். ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் ஒற்றையடிப் பாதையில் மட்டும் இந்த விதியை மறந்துவிட்டு மலைப் பக்கமாகவே ஊன்றுங்கள். பள்ளத்துப் பக்கம் ஊன்றிய தடி சறுக்கினால் ஆளும் அந்தப் பக்கமே போவார்.

கேள்வி: தடி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும்? (கரூர் வாசகர்)

பதில்: மூங்கில் தடி என்றால் தரையிலிருந்து உங்கள் நெஞ்சுக்கும் அக்குளுக்கும் நடுவில். கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, குறையக்கூடாது. ஏறும்போது கையைக் கீழே இறக்கிப் பிடிக்கலாம். இறங்கும்போது உச்சியைப் பிடிக்கலாம். பிடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றுங்கள், வேர்வைக்கு வழுக்காது. மடக்குகிற கம்புக்கு, சமதரையில் ஊன்றி நிற்கும்போது முழங்கை ‘ட’ மாதிரி மடங்கவேண்டும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 112 செ.மீ. வரும். ஏற்றத்தில் ஐந்து முதல் பத்து செ.மீ. குறையுங்கள், இறக்கத்தில் அவ்வளவே கூட்டுங்கள்.

கேள்வி: வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மூலம் நீலகிரியில் நடக்கப் பதிவு செய்திருக்கிறோம். அங்கே மடக்குக் கம்பு வாங்கலாமா? (சென்னை வாசகி)

பதில்: வாங்கலாம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் அது. புல்வெளியும் சோலையும் மாறிமாறி வரும் நீண்ட பகல் நடைக்கு ஜோடிக் கம்பு அருமை. ஈரோட்டுக்காரரும் குறித்துக்கொள்ளட்டும்.

வாங்கும்போது, இழுத்து நீட்டிய கம்பை அந்த நீளத்திலேயே நிறுத்துகிற பூட்டைப் பாருங்கள். திருகிப் பூட்டுவது ஒன்று, வெளியே நெம்புகோல் வைத்து மடக்கிப் பூட்டுவது இன்னொன்று. நான் முதலில் வாங்கியது திருகுப் பூட்டு. மழை நாளில் ஓர் இறக்கத்தில் உடம்பைச் சாய்த்தேன். கம்பு குடை மாதிரி உள்ளே போய்விட்டது. முட்டியில் ஆறு தையல். பூட்டுக்குள் மண் போயிருந்தது, துடைக்காதது என் சோம்பல். இருந்தாலும் அன்றிலிருந்து நெம்புகோல் பூட்டுதான். கம்பில் ‘ஸ்டாப்’ என்று ஒரு கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டி இழுக்காதீர்கள். கார்பன் கம்பு எடை குறைவு, ஆனால் பாறை இடுக்கில் சிக்கினால் முறியும். அலுமினியம் வளையும், வளைந்ததை ஊன்றியாவது வீடு வந்து சேரலாம்.

கைவாரை மேலிருந்து மாட்டாமல், கீழிருந்து கையை நுழைத்து வாரோடு சேர்த்துப் பிடியுங்கள். பாரம் மணிக்கட்டில் விழும், விரல் வலிக்காது. நுனி ரப்பர் பாறைக்கு மட்டும். ஈர மண்ணில் கழற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் கூர்முனைதான் பிடிக்கும்.

கேள்வி: போகிற வழியில் காட்டிலேயே ஒரு கம்பு வெட்டிக்கொண்டால் என்ன? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. காப்புக்காட்டில் வெட்டுவது குற்றம்.

கேள்வி: யானை, பாம்பு வந்தால் தடி உதவுமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பாம்புக்குத் தரை அதிர்வு தெரியும். தட்டிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விலகிப்போகும். யானை முன்னால் தடியை ஓங்குகிறவருக்கு நான் பதில் எழுதும் வாய்ப்பு அமையாது.

கேள்வி: போய்வந்த தடியைத் தூக்கிப்போட மனசில்லை. எப்படிப் பாதுகாப்பது? (அவிநாசி வாசகர்)

பதில்: மண்ணைத் துடைத்து நிழலில் காயவையுங்கள். நுனியில் ஒரு இரும்புப் பூண் போட்டுக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தரம் எண்ணெய் தடவி, ஈரம் படாத மூலையில் நிறுத்துங்கள். பலர் பூஜை அறையில் வைக்கிறார்கள். நானும் அங்கேதான் வைத்திருந்தேன். போன மாசம் காணோமென்று தேடினால், வீட்டுக்காரம்மா அதில் துறட்டி கட்டி முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.