மலையகத்தில் இயங்கும் சிறிய ஆலோசனை நிறுவனம் ஒரு கொழும்பு நிறுவனத்தோடு சேர்ந்து டெண்டர் போடலாமா?

கேட்டவரின் நிலை இது: ஹட்டனில் மூன்று நண்பர்கள் சேர்ந்து தேயிலைத் தொழிற்சாலைகளுக்குத் தரச்சான்றிதழ் ஆலோசனை சொல்கிறார்கள், தோட்டத் தொழிலாளர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் பயிற்சி நடத்துகிறார்கள். கொழும்பு நிறுவனம் ஒன்று பெரிய டெண்டருக்குச் சேர்ந்து வரச் சொல்கிறது.

சேரலாம். ஆனால் அதற்கு முதல் உங்கள் மூவருக்கும் இடையில் இருப்பதை எழுத்தில் போடுங்கள். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு வங்கிக் கணக்குத் திறக்க உதவும். யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. பங்குடைமையில் (கம்பனியாகப் பதியாமல் சேர்ந்து நடத்தும் தொழிலில்) போட்ட மூலதனம் ஆயிரம் ரூபாவைத் தாண்டினால் ஒப்பந்தம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்பது 1840இல் வந்த மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. இன்று ஒரு மேசை வாங்கினாலே அந்தத் தொகை தாண்டிவிடும். எழுத்தில் இல்லாத பங்குடைமையை உங்களுக்குள் வழக்காடி நிலைநாட்டுவது கஷ்டம். வெளியார் உங்கள் மேல் வழக்குப் போட மட்டும் எந்தத் தடையும் இல்லை! எழுதும்போது இலாபப் பங்கையும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் உழைப்பு எப்படி இருந்தாலும் சமபங்குதான்.

டெண்டர் அளவுக்குப் போவதென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாக மாறிவிடுவது நல்லது. செயலாளர், கணக்காய்வு, வருடாந்த அறிக்கை என்று செலவு கூடும். ஆனாலும் நட்டம் வந்தால் உங்கள் வீடு வாசலுக்கு வராது.

இனி கொழும்புக்காரர்கள் விஷயம். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நாங்கள் கூட்டுப் பங்காளியா, உங்களுக்குக் கீழ் ஒரு பகுதியை மட்டும் செய்யும் துணை ஒப்பந்தக்காரரா? உலக வங்கி நிதியில் வரும் ஆலோசனை வேலைகளில் கூட்டாகச் சேர்ந்தால் உங்கள் அனுபவமும் தெரிவில் எண்ணப்படும். ஆனால் முழு ஒப்பந்தத்துக்கும் எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. கொழும்பில் எழுதும் அறிக்கை பிந்தினாலும் பிடி உங்கள் மேலும் விழும். துணை ஒப்பந்தத்தில் அந்தப் பயம் இல்லை, ஆனால் உங்கள் பெயர் மறைந்துபோகும். என் கணிப்பில் முதல் ஒன்றிரண்டு வேலைகளைத் துணை ஒப்பந்தமாகவே செய்யுங்கள். பதிலுக்கு ஒரு வரி கேளுங்கள்: எந்த மாவட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு தொகைக்குச் செய்தீர்கள் என்று முடிவில் கடிதம் தர வேண்டும். அடுத்த டெண்டருக்கு அந்தக் கடிதம்தான் உங்கள் மூலதனம்.

தகராறு அதிகம் வருவது காசில். "எங்களுக்கு வந்ததும் உங்களுக்குத் தருவோம்" என்ற வரியை அப்படியே ஏற்காதீர்கள். இறுதி அறிக்கைக்கு அமைச்சு கருத்துச் சொல்ல மாதங்கள் போகும். நீங்கள் எழுதாத அத்தியாயத்துக்காக உங்கள் காசு தொங்கும். நீங்கள் கையில் கொடுக்கும் பொருளோடு கொடுப்பனவைக் கட்டுங்கள்: கையொப்பத்தோடு 20 வீதம், களவேலை முடிந்து சரிபார்த்த படிவங்களும் வருகைப் பட்டியலும் ஒப்படைத்ததும் 50, உங்கள் பகுதியின் வரைவுக்கு 20, மிச்சம் 10 மட்டும் இறுதி அறிக்கைக்கு. அவர்களுக்குப் பணம் வராவிட்டாலும் இன்வொயிஸ் கொடுத்து 60 நாளில் தர வேண்டும் என்றும் போடுங்கள். வாகனம், சாப்பாடு, பயிற்சிக்கு வருபவர்களின் செலவு ஆகியவை கட்டணத்துக்குள் அடங்காமல், பில்லுக்கு ஏற்பக் கிடைக்க வேண்டும்.

"30 வீதம் உங்களுக்கு" என்றால் எதில் 30 என்று கேளுங்கள். 18 வீத வற் (பெறுமதி சேர்) வரியோடு ஒப்பந்தம் 59 இலட்சம் என்றால் வரி போக 50 இலட்சம். ஒன்றில் உங்கள் பங்கு 17.7 இலட்சம், மற்றதில் 15. நேர்மையான கணக்கு வரி கழித்ததுதான். ஆனால் 17.7 வரும் என்று நம்பிச் செலவுத் திட்டம் போட்டால் நட்டம்.

நாள் கட்டணத்தில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உதாரணத்துக்கு ஓர் உத்தியோகத்தருக்குச் சம்பளம் 120,000. முதலாளி பங்காக ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் சேர்த்தால் 138,000. வாடகை, இணையம், கணக்காளர் என்று அவர் தலையில் விழும் பங்கு 60,000 என்று வையுங்கள், 198,000. இதை மாதம் 22 நாளால் வகுத்து 9,000 என்று கொட்டேஷன் போடுகிறார்கள். பிரயாணம், முன்மொழிவு எழுதுவது, காசோலைக்கு அலைவது எல்லாம் போக ஒருவர் மாதத்தில் 12 நாள் கட்டண வேலை செய்தால் பெரிய விஷயம். 12ஆல் வகுத்தால் 16,500, அதில் இலாபத்துக்கு 20 வீதம் சேர்த்தால் 19,800. கொழும்பு நிறுவனம் முகம் சுளிக்கலாம். தமிழில் பேசி லயத்துக்குள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள்) போய் உட்காரும் ஆள் அவர்களிடம் இல்லாததால்தானே உங்களைத் தேடி வந்தார்கள்?

அந்த ஆளையே அவர்கள் நேரடியாக வேலைக்கு எடுப்பதும் நடக்கும். ஒப்பந்தக் காலத்திலும் பிறகு 12 மாதமும் ஒருவர் ஆளை மற்றவர் எடுக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

தோட்டத்துக்குள் நுழையும் அனுமதியை யார் எடுப்பது என்பதையும் எழுத வேண்டும். பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் கொழும்பில்தான். ஆனாலும் "நீங்கள் ஊர்க்காரர்தானே" என்று வேலையை உங்கள் தலையில் கட்டுவார்கள். தலைமை அலுவலகக் கடிதம் வராமல் துரை (தோட்ட முகாமையாளர்) கேட்டைத் திறக்கமாட்டார், குழு நாள் முழுக்கச் சும்மா நிற்கும். அப்படி நின்ற நாளுக்கும் கட்டணம் உண்டு என்று போடுங்கள். கொழுந்து கூடும் ஏப்ரல், மே மாதங்களில் பயிற்சி வைத்தால் ஆள் வராது. பகலில் கூப்பிட்டால் தொழிலாளர்களின் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போகும். கொழுந்தை எடைபோட்டு முடிந்த பின்னேரத்தில் உங்கள் ஆள் ஒருவர் ஆறேழு படிவம் நிரப்பினாலே அதிகம். கால அட்டவணையை இந்தக் கணக்கில் போடுங்கள், கொழும்புக் கணக்கில் அல்ல.

ஐஎஸ்ஓ 22000 (உணவுப் பாதுகாப்புத் தரம்) போன்ற சான்றிதழ் வேலைக்கு இன்னொன்று: ஆலோசனை சொன்ன தொழிற்சாலையை, சான்றிதழ் நிறுவனத்தின் தணிக்கையாளராகப் போய் குறைந்தது இரண்டு வருடத்துக்கு நீங்கள் பரிசோதிக்க முடியாது. கூட்டு நிறுவனம் இரண்டையும் செய்யக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அரச டெண்டர் 50 இலட்சத்துக்கு மேல் என்றால், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டப்படி கம்பனிப் பதிவாளரிடம் எடுக்கும் பதிவையும் முன்கூட்டியே பாருங்கள். கடைசி நாளில் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ஓடி எடுக்கிற வேலை அல்ல அது.