கிரீஸ் கன்னைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: இயந்திரப் பராமரிப்பு கேள்வி பதில்

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பட்டறைக்காரர்களும் மில்காரர்களும் கேட்ட கேள்விகள் இவை. கவனிக்காமல் விட்டுக் கெட்ட இயந்திரத்தை விட, கவனிக்கிறேன் என்று ஏதாவது செய்து கெட்ட இயந்திரங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கேள்விகளும் அதற்குத் தோதாகவே வந்திருக்கின்றன.

அண்ணே, ரப்பர் மிக்ஸிங் மில்லுக்கு 40 ஹெச்பி மோட்டார். சனிக்கிழமை தவறாமல் கிரீஸ் அடிக்கிறோம். அப்படியும் பேரிங் கை வைக்க முடியாமல் சுடுகிறது. கிரீஸ் கம்பெனியை மாற்றணுமா? (கப்பலூர்)

கம்பெனியை மாற்ற வேண்டாம் தம்பி, சனிக்கிழமையை மாற்றுங்கள். பேரிங்குக்குள் இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும். முழுக்கத் திணித்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே ஓடும். சூடு அங்கிருந்துதான் வருகிறது. சூட்டில் எண்ணெய் பிரிந்து ஒழுகிவிடும், மிச்சம் கட்டிதட்டிப் போகும். சீல் தாண்டிப் போன கிரீஸ், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) மேல் உட்கார்ந்து தூசியை இழுக்கும்.

எவ்வளவு அடிப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. பேரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எடுத்துப் பெருக்கி, அதை 0.005 ஆல் பெருக்கினால் கிராம் வரும். 6312 பேரிங் என்றால் 130 × 31 × 0.005, அதாவது சுமார் 20 கிராம். உங்கள் கன் ஓர் அழுத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது? ஒரு காகிதத்தில் பத்து தடவை அடித்துத் தராசில் வைத்துப் பாருங்கள், அதற்கு அப்புறம் யூகமே வேண்டாம். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது மோட்டார் கையேட்டில் இருக்கும். இந்த அளவு மோட்டார் 1500 ஆர்பிஎம்மில் ஓடினால் அது ஆயிரக்கணக்கான மணி நேரமாக இருக்கும், வாரக் கணக்காக இருக்காது.

அடிக்கும்போது அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கொஞ்ச நேரம் ஓடி, பழைய கிரீஸ் வெளியே வந்த பிறகு மூடுங்கள். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா கிரீஸைக் கலக்காதீர்கள். சேராத கூட்டு இளகி ஓடிவிடும்.

ரைஸ் மில்லில் மூன்று பெல்ட் ஓடும் புல்லி. ஒன்று அறுந்துவிட்டது. அதை மட்டும் வாங்கிப் போடலாமா சார்? (மேலூர்)

கூடாது. ஓடி ஓடி நீண்டுபோன இரண்டுக்கு நடுவில் புதுசு ஒன்றைப் போட்டால், அது மட்டும் விறைப்பாக நின்று பெரும்பங்கு சுமையை வாங்கும். மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். கடப்பாரையால் நெம்பி ஏற்றாமல், மோட்டாரை ஸ்லைடு ரெயிலில் முன்னால் தள்ளிவிட்டு மாட்டுங்கள். நெம்பினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது. இரு புல்லிக்கும் இடையில் பெல்ட் ஒரு மீட்டர் நீளம் என்றால், நடுவில் அழுத்தும்போது சுமார் 16 மில்லிமீட்டர் இறங்கினால் சரி. அழுத்தத்துக்கான அளவு பெல்ட் கேட்டலாக்கில் இருக்கும். ஒரு நாள் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள், புது பெல்ட் கொஞ்சம் தளரும். புல்லிக் காடியின் அடித்தளம் பளபளவென்று இருந்தால், பெல்ட் பக்கவாட்டில் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். அப்போது தேய்ந்திருப்பது புல்லி. அதற்குப் பெல்ட்டை இழுத்துக் கட்டினால் மோட்டார் பேரிங்தான் போகும்.

15 ஹெச்பி மோட்டார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். ரீவைண்டிங் செய்து வந்தும் மறுபடி எரிந்துவிட்டது. ஓவர்லோடு ரிலேயை நேம் பிளேட்டில் போட்டிருக்கும் 21 ஆம்பியருக்குச் சரியாகத்தான் வைத்திருக்கிறோம். (திருமங்கலம்)

அந்த 21தான் சந்தேகம். கரன்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் காவல்காரன் அந்த ரிலே. ஸ்டார் டெல்டா பேனலில் (ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) பெரும்பாலும் ரிலே, மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்சான மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருக்கும். டெல்டாவில் ஓடும்போது அங்கே போவது லைன் கரன்ட்டில் 58 சதவீதம்தான். அப்படிப் பார்த்தால் உங்கள் ரிலே 12 ஆம்பியரில் நிற்க வேண்டும். 21இல் வைத்தால் மோட்டார் புகைந்த பிறகுதான் அது விழிக்கும். முதலில் எலக்ட்ரீசியனை விட்டு ரிலே எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் இல்லையென்றால் அதையும் கையோடு மாட்டிவிடுங்கள். காயில் தாங்கும் அளவுக்கு மேல் 10 டிகிரி சூடு ஏறினால் இன்சுலேஷன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீரைத் தினமுமா திறந்துவிடணும்? (அவனியாபுரம்)

தினமும். மழைக்காலத்தில் இரண்டு வேளை.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் பிரஷர் பம்பால் கழுவி பெயின்ட் அடிக்கிறோம். நல்லதுதானே? (உசிலம்பட்டி)

பூஜை போடுங்கள், பொரிகடலையில் எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வையுங்கள். மோட்டார் பக்கம் மட்டும் பிரஷர் பம்பைக் கொண்டுபோகாதீர்கள். பேரிங் சீலும் டெர்மினல் பாக்ஸும் அந்த வேகத்தைத் தாங்காது. தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்தால் போதும். ஏற்கனவே நனைந்துவிட்டதா? இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் காயவைக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பெயின்ட் விஷயம் இன்னும் மோசம். மோட்டார் உடம்பில் உள்ள வரிவரியான ஃபின்கள் சூட்டை வெளியேற்றத்தான் இருக்கின்றன. வருஷா வருஷம் ஒரு கோட் அடித்து அந்த இடுக்கே மூடிப்போன மோட்டார்கள் இந்தப் பக்கம் நிறைய. நேம் பிளேட், கிரீஸ் நிப்பிள், நான் மேலே சொன்ன டிரெயின் பிளக் எல்லாம் பச்சைப் பெயின்ட்டுக்குள் புதைந்து கிடக்கும். ரீவைண்டிங் கடைக்காரர் கிலோவாட் என்ன என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. சந்தனம் குங்குமத்தையும் நேம் பிளேட்டில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள்.

மெஷினை நிறுத்தினால் உற்பத்தி போகும் என்று, ஓடும்போதே செயினுக்கு ஆயில் விடச் சொல்கிறார் முதலாளி. நான் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகிறது சார். (வாடிப்பட்டி)

விடாதீர்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொன்னதை உங்கள் முதலாளியிடம் காட்டலாம். ஓடும் இயந்திரத்தில் அப்படிக் கை வைக்க வேண்டியே வந்தால், அதற்கென்று பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறிய ஆள்தான், உடம்போடு ஒட்டிய உடுப்பில் செய்ய வேண்டும் என்றது அது. கைலியும் தோளில் துண்டுமாக நின்று செய்யும் வேலை இல்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிஷம் கேளுங்கள். மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு ஆயில் விடுங்கள். சூப்பர்வைசர் கேட்டாலும் வேலை முடியும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.