கை படாத மலைகளா?

அன்புள்ள ஐயா,

மகன் எடின்பரோவில் வேலை பார்க்கிறான். ஜூனில் நானும் மனைவியும் போகிறோம். இன்வர்னெஸ்ஸில் தொடங்கி ஸ்காட்லாந்தின் வடக்குக் கடலோர மலைகளைச் சுற்றிவரும் 830 கிலோமீட்டர் சாலையை 4 நாளில் முடித்துவிடலாம் என்கிறான். நீங்கள் போய்வந்தவர். முடியுமா? மனிதர் கை படாத இயற்கையை ஒருமுறையாவது பார்க்க ஆசை.

வாசகர், பென்னாகரம்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் நாள் முழுக்கக் காருக்குள்ளேயே இருப்பீர்கள். சுற்றை விட்டுவிட்டு, மேற்குக் கரையில் டொரிடன் பக்கம் ஓர் ஊரில் மூன்று இரவு தங்குங்கள்.

அங்கே பல சாலைகள் ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். அது நமக்கு இடப்பக்கம் இருந்தால் நாம் ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக நின்று எதிரே வருபவரை ஒதுங்கவிட வேண்டும். படம் எடுக்க அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்று மகனிடம் சொல்லுங்கள். ஆப்பிள்கிராஸுக்குப் போகும் மாட்டுக் கணவாய் (அந்த மலைக்காரர்களின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள பெயருக்கு அதுதான் பொருள்) 626 மீட்டர். நம்ம ஓசூரே அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே கடலோரத்திலிருந்தே ஏறுகிறோம். உச்சியில் இறங்கி நின்றால் கீழே கடல், எதிரே ஸ்கை தீவு. என் மனைவி வெகுநேரம் பேசவே இல்லை.

அப்புறம், 'மனிதர் கை படாத' என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். அந்த மலைகளின் பல பள்ளத்தாக்குகளில் ஊர்கள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் சுமார் நூறு ஆண்டுகள், செம்மறி ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலக்கிழார்கள் குடியானவர்களை வெளியேற்றினார்கள். வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். புல்லுக்குள் வரிசையாகக் கற்கள் கிடந்தால் உற்றுப் பாருங்கள், ஒரு வீட்டின் சுவராக இருக்கலாம்.

தர்மபுரிக்காரர்களான நமக்கு இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. 1792இலிருந்து ஏழு ஆண்டுகள் நம் பாராமகாலில் (தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் அன்றைய பெயர்) வேலை பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் பிறந்தவர். அவருடைய மேலதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவரும் இங்கே வயல் வயலாக அளந்து, உழுபவரிடமே நேராக வரி வாங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வரி கடுமைதான். ஆனாலும் உழுபவர் பெயர் கணக்கில் ஏறியது. ஸ்காட்லாந்து மலைக் குடியானவருக்குத் தன் நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையைத் தந்த சட்டம் 1886இல்தான் வந்தது. அதற்குள் ஏராளமானோர் கிளாஸ்கோவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டிருந்தார்கள்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆர்ட்கே என்ற ஊரிலிருந்து மலைக்குள் போகும் சிறிய சாலையின் கடைசியில் கிரோய்க் தேவாலயம் இருக்கிறது. 1845 மே மாதம் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் அதன் கல்லறைத் தோட்டத்தில் ஒதுங்கியிருந்தன. தாங்கள் யார், எந்த நாளில் அங்கே இருந்தோம் என்று சன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமிருந்து கீறி வைத்தார்கள். பேசியது கேலிக், கீறியது ஆங்கிலத்தில். எழுத்துகள் மெல்லியவை, வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் தெரியும். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், அவசரப்படாமல் படியுங்கள்.