கோவிட்டுக்குப் பிறகு மைதானம்: எந்தக் குறியீடு பொருந்தும்?

கேள்வி: சென்னையிலிருந்து அமெரிக்கக் குழந்தைகள் நல கிளினிக் ஒன்றுக்கு மெடிக்கல் கோடிங் (டாக்டரின் குறிப்பை இன்சூரன்ஸுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை) செய்கிறேன். கோவிட் வந்து குணமான 13 வயதுச் சிறுவன் மீண்டும் கால்பந்து ஆடலாமா என்று கேட்டுத் தாய் அழைத்து வந்திருக்கிறார். டாக்டர் பரிசோதித்து, ஈசிஜி எடுத்து, பள்ளிப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். வந்த காரணத்தைக் காட்டும் நோய்க்குறியீடாக இசட் 02.5 போட்டேன், இன்சூரன்ஸ் நிராகரித்துவிட்டது. எது சரி?

பதில்: இசட் 02.5 விளையாட்டில் சேர்வதற்கான பரிசோதனை. பள்ளி கேட்கிறது என்பதற்காக மட்டும் வரும் பிள்ளைக்கு அது பொருந்தும். நிர்வாகத் தேவைக்கான பரிசோதனைகளின் வரிசையில் இருப்பதால் பல திட்டங்கள் அதற்குப் பணம் தருவதில்லை. இந்தச் சிறுவன் வந்த காரணமே வேறு. கோவிட் சில பிள்ளைகளுக்கு இதயத்தசை அழற்சியை உண்டாக்கும். அந்நிலையில் ஓடியாடுவது உயிருக்கே ஆபத்து. அதைத்தான் டாக்டர் பார்த்திருக்கிறார். படிவம் இரண்டாம்பட்சம்.

ஆகவே டாக்டரின் குறிப்பை மறுபடி படியுங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம் பற்றி என்ன எழுதியிருக்கிறார்? எதுவும் இல்லை, முழுக்கக் குணமாகிவிட்டான் என்றால் இசட் 09 முதலில், இசட் 86.16 அடுத்து. முன்னது சிகிச்சை முடிந்தபின் செய்யும் தொடர் பரிசோதனை. பின்னது முன்பு கோவிட் வந்த வரலாறு, 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது. யு 07.1 வேண்டாம், அது இப்போது கோவிட் இருப்பவருக்கு.

தொந்தரவு நீடித்தால் கதை மாறும். படபடப்பு என்றால் ஆர் 00.2. அது கோவிட்டின் பின்விளைவு என்று டாக்டரே எழுதியிருந்தால், அதற்கு அடுத்து யு 09.9. நீங்களாக ஊகித்துச் சேர்க்காதீர்கள்.

இனி டாக்டர் செய்த வேலைக்கான கட்டணக் குறியீடுகள். வருகைக்கு, பழைய நோயாளி என்றால், 99212 முதல் 99215 வரை. டாக்டரின் முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதையோ, அன்று அவர் செலவிட்ட மொத்த நேரத்தையோ வைத்து நிலை தீர்மானமாகும். ஈசிஜிக்கு 93000 போட, படம் எடுத்ததோடு டாக்டர் அதைப் படித்து எழுதிய அறிக்கையும் கோப்பில் இருக்க வேண்டும். படம் எடுத்தது மட்டும் என்றால் 93005. எந்தக் காரணத்துக்காக ஈசிஜி எடுத்தார்களோ அந்த நோய்க்குறியீட்டையே சிஎம்எஸ் 1500 என்ற கிளெய்ம் படிவத்தின் 24ஈ (24E) கட்டத்தில் அதன் வரியோடு இணையுங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை.

குறிப்பில் "விளையாட அனுமதிக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறதா? அப்படியானால் பணம் வரும் என்பதற்காகக் குறியீட்டை மாற்றாதீர்கள், அது மோசடி. கிளினிக் வழியாக டாக்டரிடம் விளக்கம் கேளுங்கள். குறிப்பு இடம் கொடுத்தால், புதிய கிளெய்மாக அனுப்பாமல் திருத்திய கிளெய்மாக அனுப்புங்கள்: சிஎம்எஸ் 1500 படிவத்தின் 22-ஆம் கட்டத்தில் 7, பக்கத்தில் இன்சூரன்ஸ் கொடுத்த பழைய கிளெய்ம் எண். கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அது முடிந்துவிட்டால் பணம் கிடைக்காமல் போகலாம் என்பதால் இன்றே பாருங்கள்.