மாற்றுத்திறனாளிகளுக்கான வேலை, உதவித்தொகை ஆலோசகராக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தப் பணிக்கு வர எதைக் கற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சமூகப் பணியாளர் என்ற பெயரில் இயங்க நான்கு ஆண்டுப் பட்டமும் தொழில் கவுன்சிலில் பதிவும் தேவை. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு உண்டு.

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் உங்கள் முன் வந்து உட்காருபவர் முதலில் கேட்பது, "வேலைக்குப் போனால் கிராண்ட் நின்றுவிடுமா?" என்பதைத்தான். 'ஆமாம்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லால் பலர் நல்ல வேலையை விட்டுவிடுகிறார்கள். அரசின் சமூக உதவித்தொகை நிறுவனமான சாசா (SASSA) தரும் ஊனமுற்றோர் உதவித்தொகை 18 முதல் 59 வயது வரை. வருமானம், சொத்து இரண்டையும் பார்ப்பார்கள். மணமானவர் என்றால் துணையின் கணக்கும் சேரும். பகுதிநேரச் சம்பளம் வரம்புக்குள் இருக்கலாம். ஆனாலும் சாசாவிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். முழுநேர வேலை என்றால் மருத்துவத் தகுதியே கேள்விக்குள்ளாகும்.

விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது மருத்துவ அறிக்கையில். அது 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தற்காலிக உதவித்தொகை 6 முதல் 12 மாதத்தில் தானாக முடியும். முடிவதற்கு முன்பே மறுபடி விண்ணப்பிக்க நினைவூட்டுங்கள். நிராகரித்தால் மேல்முறையீடு செய்ய 90 நாள் உண்டு.

வேலையிடத்துக்கு 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். சாய்தளம், கணினித் திரையைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான், நேர மாற்றம் போன்ற நியாயமான வசதிகளை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பாகுபாடு நடந்தால் 6 மாதத்துக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ (CCMA) அமைப்பிடம் புகார் போக வேண்டும்.