பழைய தடத்தில் புதிய லைன்: இராணுவ நிலத்தில் சுற்றுச்சூழல் ஆய்வு எதைக் கேட்கும்?

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மின் நிறுவனத்தில் திட்டப் பொறியாளராக இருக்கிறேன். தரைப்படைத் தளம் ஒன்றுக்குள் 9 மைல் ஓடும் 46 கி.வோ. மரக்கம்ப லைனை எடுத்துவிட்டு, அதே தடத்தில் எஃகுக் கம்பம் நட்டு 115 கி.வோ. லைன் போட வேண்டும். பழையது 1960களில் போட்டது. "இருக்கிற லைன்தானே, சுற்றுச்சூழல் மதிப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார் மேலாளர். தளத்தின் சுற்றுச்சூழல் பிரிவோ முழு மதிப்பீடு வேண்டும் என்கிறது. யார் சொல்வது சரி? எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்?

பதில்: இதைத் தீர்மானிப்பது வோல்டேஜ் இல்லை. புதிதாக எத்தனை ஏக்கர் மண்ணைத் தொடப்போகிறீர்கள் என்பதுதான். அந்தக் கணக்கைப் போடாமல் இருவரும் வாதிடுவதில் பயனில்லை.

46 கி.வோ. லைன் சுமார் 50 அடி அகலத் தடத்தில் ஓடியிருக்கலாம். ஒற்றைச் சுற்று 115 கி.வோ. லைனுக்கு வழக்கமாகக் கேட்பது 100 அடி. 9 மைல் என்றால் 47,520 அடி. கூடுதலாக 50 அடி அகலப்படுத்தினால் ஏறக்குறைய 54.5 ஏக்கர் காடு போகும். "அதே தடம்" என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது. கம்பக் குழிகளையும் பாருங்கள். 45 அடி மரக்கம்பத்தை நீளத்தில் பத்தில் ஒரு பங்கும் இரண்டு அடியும் என்ற வழக்கப்படி 6.5 அடி புதைத்திருப்பார்கள். 80 அடி எஃகுக் கம்பத்துக்கு 10 அடி தோண்ட வேண்டும். 500 அடிக்கு ஒன்று என்றால் சுமார் 95 குழிகள். பழைய குழியிலேயே நட்டாலும், ஒவ்வொன்றிலும் கடைசி மூன்றரை அடி, இதுவரை எந்த மின்வேலையும் தொடாத மண்.

இதைவிட அடிக்கடி விட்டுப்போவது லைனுக்கு வெளியே இருக்கும் நிலம். கம்பி இழுக்கும் இயந்திரங்கள் நிற்கும் இடங்கள், கம்பங்களை இறக்கி அடுக்கும் களம், கிரேன் போகும் அணுகுசாலை, அது திரும்பும் முனை எல்லாம் இதில் சேரும். 100 அடிக்கு 300 அடி என்று ஓர் இழுவிடம் எடுத்தாலே 0.69 ஏக்கர். மதிப்பீட்டின் வரைபடத்தில் மையக்கோடும் இருபுறம் 50 அடியும் மட்டும் இருந்து, ஒப்பந்ததாரர் பிறகு "கிரேனுக்கு இந்தப் பக்கம் வழி வேண்டும்" என்று வந்து நின்றால், அந்தத் துண்டு நிலத்துக்காகத் தொல்லியல், உயிரினம், ஈரநிலம் மூன்றையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். கட்டுமானப் பிரிவில் ஒருவரை முதல் வரைபடம் போடும்போதே உட்காரவையுங்கள். ஆய்வு எல்லையைத் தேவைக்கு மேல் கொஞ்சம் அகலமாகப் போடுவது நல்லது. களப்பணியில் கூடுதல் நாட்கள் ஆகும். நடுவில் வேலையை நிறுத்தும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

விலக்கு கிடைக்குமா?

தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் (எல்லோரும் "நெப்பா" என்பதுதான்) மூன்று படிகள்: வகைவாரி விலக்கு, மதிப்பீடு, முழுத் தாக்க அறிக்கை. உங்கள் மேலாளர் நினைப்பது முற்றிலும் தவறில்லை. எரிசக்தித் துறையின் விலக்குப் பட்டியலில், இருக்கும் மின்பாதையை மேம்படுத்துவதற்கான வகையில் முன்பு 20 மைல் வரம்பு இருந்தது. 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓர் அரசு அமைப்பு இன்னொன்றின் விலக்கை, அந்த அமைப்போடு கலந்து பேசி, பொது அறிவிப்பும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விலக்கு என்பது ஆவணம் எழுதுவதிலிருந்து மட்டும்தான். அருகிவரும் உயிரினங்கள் சட்டமோ, வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவோ, தூய நீர்ச் சட்டமோ அதனால் விலகிப்போவதில்லை. 54 ஏக்கர் காட்டை வெட்டும் திட்டத்துக்கு, அந்த மூன்றின் பதில்களும் கையில் வரும்வரை தளத்தின் அதிகாரி விலக்கில் கையெழுத்திட மாட்டார். இடக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

விலக்குதான் வேண்டும் என்றால் வடிவமைப்பை மாற்றிப் பாருங்கள். கம்பிகளை முக்கோணமாகவோ செங்குத்தாகவோ அடுக்கி, கம்ப இடைவெளியைக் குறைத்தால் காற்றில் கம்பி ஒதுங்கும் தூரம் குறையும், தடத்தின் அகலமும் குறையும். கம்பங்களும் குழிகளும் கூடும் என்பது அதன் விலை. ஈரநிலமும் குண்டு புதைந்த மண்ணும் இல்லாத நீட்டங்களில் இது நல்ல பேரம். அவை இருக்கும் இடத்தில் தலைகீழ்.

மதிப்பீடுதான் என்றால் சட்டப்படி 75 பக்கம், ஓராண்டு. மேற்கோள்களும் பின்னிணைப்புகளும் அந்த 75இல் சேராது. திட்டக்காரரே ஆவணத்தைத் தயாரிக்கலாம், மேற்பார்வையும் முடிவும் இராணுவத்துடையது. இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய திட்டத்தின் மதிப்பீட்டை எடுத்துப் பெயர் மாற்றி எழுதாதீர்கள். வெள்ளை மாளிகைச் சுற்றுச்சூழல் மன்றத்தின் பொது விதிகள் 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டன; பாதுகாப்புத் துறை 2025 ஜூன் 30 அன்று தன் புதிய நடைமுறையை வெளியிட்டது. தரைப்படையின் பழைய விதிப் பிரிவுகளை மேற்கோள் காட்டும் வரைவு முதல் வாசிப்பிலேயே திரும்பி வரும்.

பைன் காடும் மரங்கொத்தியும்

ஜார்ஜியாவின் கடலோரச் சமவெளித் தளங்களில், ஃபோர்ட் ஸ்டூவர்ட் போன்ற இடங்களில், முதல் கேள்வி ரெட் காக்கேடட் மரங்கொத்தியைப் பற்றித்தான் வரும். உயிருள்ள முதிய பைன் மரத்தில் பொந்து குடையும் பறவை இது. பொந்தைச் சுற்றிப் பட்டையைக் கொத்திக்கொண்டே இருப்பதால் பிசின் வழிந்து மரம் மெழுகு உருகினதுபோல் வெள்ளையாகத் தெரியும். தளத்தில் அந்த மரங்களுக்கு வெள்ளைப் பெயின்ட்டில் பட்டை அடித்திருப்பார்கள். 2024இல் இதை "அருகிவரும்" நிலையிலிருந்து "அச்சுறுத்தலுக்குள்ளான" நிலைக்கு இறக்கினார்கள் என்பதை வைத்து ஆலோசனை தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஆலோசனை இரண்டு நிலைக்கும் உண்டு.

பொந்து மரம் தடத்தில் இல்லை என்பதோடு கதை முடியாது. பொந்து மரக் கூட்டத்தின் மையத்திலிருந்து அரை மைல் தூரத்துக்குள் பறவை இரை தேடும் மரங்களும் கணக்கில் வரும். எனவே அகலப்படுத்தும் பட்டையில் மரக்கணக்கு எடுக்கும்போது, மார்பளவு உயரத்தில் 10 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள பைன்களைத் தனியாக எண்ணி, எந்தக் கூட்டத்தின் வட்டத்தில் எத்தனை போகிறது என்று அட்டவணையாகக் கொடுங்கள். "சுமார் 50 ஏக்கர் பைன் காடு" என்று எழுதிக் கொடுத்தால் மத்திய அரசின் மீன், வன உயிரின சேவையின் உயிரியலாளர் அதைத் திருப்பித்தான் அனுப்புவார். பாதிப்பு வாய்ப்பில்லை என்று அவர்கள் ஒப்புதல் கடிதம் கொடுத்தால் முறைசாரா ஆலோசனையோடு முடியும். முறையான ஆலோசனைக்குப் போனால் 90 நாளும், கருத்துரை எழுத 45 நாளும், மொத்தம் 135 நாள். நாள் எண்ணத் தொடங்குவது கோப்பு முழுமையானது என்று அவர்கள் ஏற்ற பிறகுதான். இணையத்தில் எடுக்கும் உயிரினப் பட்டியல் 90 நாளைக்கே செல்லும். சமர்ப்பிக்கும் வாரத்தில் புதிதாக எடுத்து இணையுங்கள்.

மணல் மேடுகளில் கோஃபர் ஆமை வளைகளைப் பாருங்கள். வளை 15 அடி நீளம் சாதாரணம். வாயில் ஓரிடத்தில் இருக்க, உள்வழி உங்கள் டயருக்குக் கீழே ஓடும். குளிர்காலத்தில் அதே வளையில் ஈஸ்டர்ன் இண்டிகோ பாம்பு தங்கும். அது 1978 முதல் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. வளைவாயைச் சுற்றி 25 அடிக்குக் கொடி நட்டு வண்டியை விலக்குவது வழக்கம். கொடி நடுவது வேலை தொடங்கும் வாரத்தில். ஆறு மாதம் முன்பு நட்ட கொடி எந்த வளையையும் காக்காது.

இன்னொன்று, பெரும்பாலும் மறந்துபோவது: இந்தக் காடுகளை இராணுவம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திட்டமிட்டு எரிக்கிறது. நீளிலைப் பைனுக்கும் மரங்கொத்திக்கும் அந்த நெருப்பு தேவை. மரக்கம்பத்துக்குத்தான் ஆகாது, எனவே எஃகுக்கு மாறுவது இங்கே சுற்றுச்சூழல் நியாயமும் கூட. ஆனால் அடர்ந்த புகை கம்பிக்கடியில் எழும்போது மின்பொறி தாவி லைன் டிரிப் ஆகும். எரிப்பு நாளில் யார் யாருக்குத் தகவல் சொல்வது என்பதை மதிப்பீட்டிலேயே நிபந்தனையாக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் "லைன் இருப்பதால் எரிக்க முடியவில்லை" என்பது பின்னாளில் உங்கள் மேல் வரும் குற்றச்சாட்டு.

ஈரநிலத்தில் வெட்டுவது வேறு, பிடுங்குவது வேறு

மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்து வேரை விட்டுவிட்டால் பொதுவாக அது, ஈரநிலத்தில் மண்ணைக் கொட்டும் "நிரப்பல்" ஆகாது. புல்டோசர் வைத்து வேரோடு பெயர்த்தால் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவு வந்துவிடும். ஒப்பந்தத்தில் "ஈரநிலத்தில் வேர் பெயர்த்தல் கூடாது" என்று ஒரு வரி போடுவது எந்த அனுமதியையும்விட மலிவு. மின்பாதைகளுக்கான தேசிய அனுமதி எண் 57இன் கீழ், தனித்தனிக் கடப்பு ஒவ்வொன்றிலும் இழப்பு அரை ஏக்கருக்குள் இருக்க வேண்டும். பத்தில் ஒரு ஏக்கரைத் தாண்டினால், இந்த அனுமதியைத் தரும் இராணுவப் பொறியாளர் படைக்கு முன்னறிவிப்பு தரவேண்டும். பத்தில் ஒரு ஏக்கர் என்பது 4,356 சதுர அடி. 20 அடி அகல நிரந்தர மண்சாலை 218 அடி போனாலே அந்த எல்லை. ஆகவே சாலை வேண்டாம், மரப்பலகை விரிப்பு போட்டு வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். காட்டு ஈரநிலம் புதர் ஈரநிலமாக நிரந்தரமாக மாறுவது இழப்புக் கணக்கில் வராவிட்டாலும் இழப்பை ஈடுசெய்யும் நடவடிக்கை கேட்கலாம்; பட்ஜெட்டில் அதற்கு இடம் விடுங்கள்.

மண்ணுக்குள் இருப்பவை

ஃபோர்ட் ஸ்டூவர்ட் 1940இல் விமான எதிர்ப்புப் பயிற்சிக்காகத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களின் சிறு கல்லறைத் தோட்டங்கள் காட்டுக்குள் இன்னும் இருக்கின்றன. இத்தகைய தளத்தில் ஒரே குழிக்கு இரண்டு பேர் பதில் சொல்ல வேண்டும்: தொல்லியலாளரும், வெடிபொருள் நிபுணரும். பயிற்சிக்களக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பழைய சுடுகள வரைபடங்களைக் கேட்டு, வெடிக்காத குண்டு இருக்கும் வாய்ப்பு குறைவா கூடுதலா என்று எழுத்தில் வாங்குங்கள். குறைவு என்றால் நிபுணர் அழைத்தால் வரும் நிலையில் இருந்தால் போதும். அதற்கு மேல் என்றால் களத்திலேயே நிற்க வேண்டும். குழி தோண்டும் ஆகர் துளைப்பொறி சில அடி இறங்கியதும் நிறுத்தி, குழிக்குள் இரும்பைக் கண்டறியும் காந்தமானி விட்டுப் பார்த்து, மறுபடி தோண்டுவார்கள். நாளைக்கு எத்தனை குழி என்ற உங்கள் கணக்கு அங்கே செல்லாது. தொல்லியல் சோதனைக் குழிகளுக்கும் இதே விதி என்பதால், வெடிபொருள் பதில் முதலில் வரவேண்டும். இந்த வரிசையை மாற்றினால் தொல்லியல் குழு காட்டின் ஓரத்தில் சும்மா நிற்கும்.

106ஆம் பிரிவில் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு 30 நாள். பழங்குடி அரசுகளோடு பேசுவது இராணுவத்தின் கடமை, உங்கள் ஆலோசகர் செய்யக்கூடியது அல்ல. அதனால் அந்தக் கடிதங்கள் போனதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். கூட்டாட்சி நிலத்தில் தோண்ட தொல்லியலாளருக்குத் தனி அனுமதியும் வேண்டும்.

நில ஆவணம், வானம், காலம்

பழைய வழியுரிமை ஆவணத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். அகலம், வோல்டேஜ், காலாவதித் தேதி மூன்றும் அதில் எழுதியிருக்கும். 60களின் ஆவணம் என்றால் காலம் முடிந்திருக்கவும் வாய்ப்புண்டு. புதிய உரிமைக்குத் தளம் நிலம் தரலாம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும், நிலத்தின் மாசுநிலை அறிக்கை வேண்டும், பொறியாளர் படையின் நிலப்பிரிவு பத்திரம் எழுத வேண்டும். மதிப்பீடு முடிந்த பிறகு இதைத் தொடங்குவதுதான் வழக்கமான தாமதம். இரண்டையும் ஒன்றாக ஓடவிடுங்கள்.

தரைக்கு மேல் 70 அடி நிற்கும் கம்பம், விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டிய 200 அடி வரம்பைத் தொடாது என்று அலட்சியம் வேண்டாம். 3,200 அடிக்கு மேல் நீளமுள்ள ஓடுபாதையிலிருந்து 20,000 அடிக்குள், 100 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம் என்ற சரிவுக் கணக்கு உண்டு. சம மட்டத்தில் 7,000 அடிக்குள் நிற்கும் உங்கள் கம்பம் அதை மீறும். வேலை தொடங்க 45 நாள் முன்பே அந்த நிர்வாகத்துக்குப் படிவம் போகவேண்டும். ஹெலிகாப்டர்கள் தாழப் பறக்கும் தடங்களைத் தளத்திடம் தனியாகக் கேளுங்கள்.

கால அளவு: களப்பணி முதல் பத்திரம்வரை 14 முதல் 18 மாதம் என்று வையுங்கள். முறையான உயிரின ஆலோசனை வந்தால் அதன் மேல் முனைக்குப் போகும். கடைசியில் இடிப்பது மின்தடை நாட்கள்தான். உங்கள் இயக்கப் பிரிவு லைனை நிறுத்த விரும்புவது சுமை குறைந்த வசந்தத்தில். மரங்கொத்தி கூடு கட்டுவது ஏப்ரல் முதல் ஜூலை வரை. நல்ல எரிப்பு நாட்களும் பயிற்சிக் கால அட்டவணையும் அதே மாதங்களைக் கேட்கும். மரம் வெட்டுவதை இலையுதிர் காலத்தின் பிற்பகுதிக்கும் குளிர்காலத்துக்கும் தள்ளி, கம்பி மாற்றத்துக்கு அக்டோபர், நவம்பர் மின்தடையைக் கேளுங்கள். அந்த விண்ணப்பத்தை மதிப்பீட்டின் வரைவுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். வரைவில் எழுதும் மாத எல்லைகள்தான் பிறகு உங்களைக் கட்டும்.